கன்னத்து மச்சம்

முகத்துக்குப் பவுடர் பூசியே பழக்கமில்லாத தையற்காரி, அழகுநிலைய நாற்காலியின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் அமர்ந்திருந்தாள்.

“இது மினரல் பவுடர்க்கா. கல்லைப் பொடிச்சுப் பண்றது. மச்சம் இருந்த இடமே தெரியாது,” என்று அழகுநிலையப் பெண் அவள் கன்னத்தில் பிரஷ்ஷைச் சுழற்றினாள். “என்ன, மாப்பிள்ளை பார்க்க வர்றாரா?”

“இந்த வயசுலயா? எங்கம்மாவுக்குக் காட்டத்தான்.”

மச்சம் மறைந்ததும் தையற்காரி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் அவளுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள்.

இரட்டையரில் மூத்தவள் விபத்தில் போய்ச் சேர்ந்து ஓராண்டாகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா தாங்கமாட்டாள் என்று, அக்கா வெளியூரில் வேலையாயிருப்பதாகவே தையற்காரி சொல்லிவந்தாள். சில நாட்களாக அம்மா பெரியவளைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். மகள் எட்டிப் பார்க்கவில்லையே என்ற கோபத்தோடு அம்மா கண்மூடிவிடக் கூடாதே!

அக்காவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

“அம்மா, பெரியவ வந்திருக்கேன். இப்பதான் லீவு கிடைச்சுது.”

அம்மாவின் முகத்தில் கோபமே இல்லை. மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“வந்துட்டியா, என் கண்ணே! நீ செத்துப்போனது எனக்கு எப்பவோ தெரியும்டி. சின்னவதான் பாவம், எனக்குத் தெரியக் கூடாதுன்னு பொய் சொல்லிச் சொல்லியே இளைச்சுப்போயிட்டா. அவ கடையிலேருந்து வர்றதுக்குள்ள, சத்தம் போடாம என்னைக் கூட்டிட்டுப் போயிடு.”