ரெங்கநாதன் சாரின் ஆசாரம்

“கையெழுத்துப் போடுங்க சின்னையா. இன்னும் என்ன யோசனை?”

தாயுமானவன் பேனாவைத் திறந்து நீட்டினார். தெப்பக்குளத்து ஓட்டலில் ரெண்டு பேருடைய காப்பியும் ஆறிக்கொண்டிருந்தது. சின்னையா காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

சிலோனில் கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை அவர்களுக்கு. தாயுமானவன், லூர்து, முசிறி சின்னையா, ஸ்ரீரங்கம் ரெங்கநாதன், நாலு பேருமே திருச்சி ஜில்லாக்காரர்கள். ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே அடுப்பு. ஏப்ரல் லீவுக்கு ஊர் வந்திருந்தார்கள்.

காகிதம் பள்ளிக்கூட மானேஜருக்கு. ‘ஜாதித் திமிர் பிடித்த ரெங்கநாதனோடு இனி ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது’ என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார் தாயுமானவன். லூர்து கையெழுத்துப் போட்டாயிற்று. சின்னையாவும் போட்டுவிட்டால் மானேஜர் ரெங்கநாதனின் சிலோன் பெர்மிட்டைப் புதுப்பிக்கச் சிபாரிசு செய்ய மாட்டார். அப்புறம் ஐயங்கார் கப்பலேற முடியாது.

“அவருக்கு ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது சார்” என்றார் சின்னையா.

“நிக்கட்டும்! கொழும்புல உங்களை அவமானப்படுத்தினப்ப அந்தப் பொண்ணுங்க ஞாபகம் வந்துச்சா அந்த ஆளுக்கு?”

பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டுமே! தாயுமானவன் மூணு மாசமாக அடக்கி வைத்திருந்த கோபம் அது.

பொங்கலுக்கு மூணு நாள் லீவு கிடைத்தது. நாலு பேரும் கொழும்பு பார்க்கப் போனார்கள். காலையில் தெகிவளை மிருகக்காட்சிசாலை. மத்தியானம் செட்டியார் தெருவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. முதலாளி முசிறிக்காரர் என்று கேள்விப்பட்டு ஆசை ஆசையாகப் போனார்கள்.

“நாமளே பொங்கித் தின்னு நாக்கு செத்துக் கிடந்தோம். இலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு. நான் கை கழுவிட்டு வர்றேன், இந்த ஐயங்கார் கல்லாப் பக்கத்துலேருந்து ஓடி வந்து கத்துறாரு. ‘எழுந்திருங்கோ எல்லாரும்! பந்தியில உட்கார்ந்து சாப்பிட என் ஆசாரம் இடங்கொடுக்காது. வெளியில போகலாம்!’ கடையே நம்மள வேடிக்கை பார்த்துச்சே சின்னையா! இத்தனை மாசம் குவார்ட்டர்ஸ்ல நம்மகூட உட்கார்ந்து சாப்பிட்டப்ப எங்க போச்சாம் அந்த ஆசாரம்? நாலு பேர் பார்க்கிற இடத்துல உங்க பக்கத்துல உட்காரக் கசந்துபோச்சு. வேற என்ன?”

சின்னையா காகிதத்தின் அடுத்த வரிக்குப் போனார்.

“பள்ளிக்கூடத்துப் பையனை இழுக்குற மாதிரி உங்க கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போனாரு. கடைசியில காலிமுகக் கடற்கரையில உட்கார்ந்து பன்னு தின்னோம். முதலாளி முகத்துல எப்படி முழிக்கிறது? மறுநாள் நானும் லூர்துவும் போய் மன்னிப்புக் கேட்டோம். தங்கமான மனுஷன்! உட்கார வச்சு, தன் கையாலயே நெய் ஊத்தினாரு. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், இந்த ஐயங்காரும் நம்ம ஊர்க்காரர்தான். தூ!”

“ம்.”

“அன்னிலேருந்து குவார்ட்டர்ஸ்லயும் தனி இலை, தனி மூலை. பொறுத்தது போதும். போடுங்க கையெழுத்தை. நேரா ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிப்போம். அவர் வீட்டு வாசல்லயே வச்சுக் கேக்குறேன்.”

சின்னையா பேனாவை வாங்கி மூடி மேஜையில் வைத்தார்.

“சார், தீட்டுப் பார்க்கிறவர் என் கையைத் தொட்டு இழுப்பாரா?”

தாயுமானவன் கையில் எடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“அந்த முதலாளி எங்க தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவர். எங்க அப்பா அவங்க வயல்லதான் வேலை பார்த்தாரு. உள்ள நுழைஞ்சதுமே அவருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு. ரெங்கநாதன் சாரைக் கல்லாவுக்குக் கூப்பிட்டு, ‘மத்த மூணு பேரும் பந்தியில உட்காருங்க. இவனுக்குக் கொல்லைப்பக்கம் இலை போடுறேன்’னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. என் இலை கல்லாவை ஒட்டி இருந்ததால காதுல விழுந்துடுச்சு.”

“என்னய்யா சொல்றீங்க?”

“அவர் அதை எங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். இல்ல, அந்த ஆளோட சண்டை போட்டிருக்கணும். எதைச் செஞ்சாலும் விஷயம் எனக்குத் தெரிஞ்சுடும் இல்லையா? அதான், தனக்குத்தான் ஆகாதுன்னு ஒரு பொய்யைச் சொல்லி நம்மளைக் கெளப்பிட்டாரு.”

“அப்ப இந்தத் தனி இலை?”

“திரும்ப ஒண்ணா உட்கார்ந்தா, ஆசாரம் எங்க போச்சுன்னு நீங்க குடைஞ்சு எடுப்பீங்களே! சொன்ன பொய்யை எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம முழிக்கிறாரு. தனியா உட்கார்ந்தா அவருக்குச் சோறே இறங்க மாட்டேங்குது. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?”

“அவர்கிட்ட உங்களுக்குத் தெரியும்னு சொல்லியிருக்கலாமே!”

“எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே இவ்வளவு திட்டும் வாங்கிக்கிறாரு? எப்படி சார் சொல்றது?”

தாயுமானவன் காகிதத்தை எடுக்கக் கை நீட்டினார். சின்னையா அதை விடவில்லை. இத்தனை மாசத்தில் அவர் குரல் தடித்து யாரும் கேட்டதில்லை. இப்போதும் தடிக்கவில்லை.

“இருங்க சார், கையெழுத்துப் போடுறேன். அன்னிக்கு என்னை எழுப்பச் சொன்னது யாரு, மறுநாள் அந்தப் பந்தியிலேயே போய் உட்கார்ந்து நெய் ஊத்திச் சாப்பிட்டது யாருன்னு மட்டும் கீழ ரெண்டு வரி சேர்த்து எழுதிக் குடுங்க.”