காலர் பட்டன்

"இந்த வாரம் காலர் பட்டன் ஒண்ணை எடுத்துடுங்க தம்பி. தானா அறுந்து விழுந்த மாதிரி இருக்கணும்."

பெரியவர் சட்டையை மேஜைமேல் வைத்தார். புதுச் சட்டை. எல்லாப் பட்டனும் கெட்டியாகத்தான் இருந்தது.

"நாளைக்கு அவங்களைப் பார்க்கப் போறேன். பட்டன் இல்லைன்னா அவங்களே தைச்சுக் கொடுப்பாங்க." கண்ணைச் சிமிட்டினார்.

தையல்கடைக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயது நாற்பதை நெருங்கியும் அவன் தனிக்கட்டை. பல வருடமாக "இதோ, சீக்கிரமே கல்யாணம்" என்று சொல்லிக்கொண்டிருப்பதால் தெருவே அவனை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடும். இருந்தாலும் தொழில் தொழில்தானே? நூல்கூடத் தெரியாமல் பட்டனை எடுத்துக் கொடுத்தான்.

பெரியவர் விசிலடித்தபடி போனதும், பக்கத்து மெஷினில் இருந்த அக்காவிடம் பொரிந்து தள்ளினான்.

"பார்த்தியாக்கா? முதல்ல கோட்டுப் பட்டன். தானே பிடுங்கறேன்னு துணியையும் கிழிச்சுக்கிட்டு வந்தார். போன வாரம் சட்டையோட நடுப் பட்டன். இப்ப காலர். படிப்படியா கழுத்துக்கே வந்துட்டாரு மனுஷன்!"

"உனக்கு ஏண்டா வயித்தெரிச்சல்?"

"எல்லாமே பித்தலாட்டம்க்கா. ஆப்ல பிடிச்ச பொண்ணைப் பார்க்கப் போற இருபது வயசுப் பையன், புது பேன்ட்டை முழங்கால்ல கிழிச்சுக் கொடுங்கறான். முப்பதைத் தாண்டினவன் கோட்டு போட்டுக்கிட்டு இன்டர்வியூக்குப் போற மாதிரி போறான். அங்கேயும் அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னுதான் முதல் கேள்வியாம்! அம்பது வயசுக்காரருக்கு இடுப்பைப் பிரிச்சு விடணும், பிரிச்சது தெரியக் கூடாது. சரி, தலை நரைச்சவங்களாவது உள்ளதை உள்ளபடி காட்டுவாங்கன்னு நினைச்சேன். இவர் என்னடான்னா..."

"அது கிடக்கட்டும். சாயங்காலம் அந்த லைப்ரரிப் பொண்ணைப் பார்க்கப் போகலையா?"

"போகல. உடம்பு சரியில்லைன்னு மெசேஜ் அடிச்சு வெச்சிருக்கேன். அனுப்ப வேண்டியதுதான்."

"அது பித்தலாட்டம் இல்லையா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். "பயமா இருக்குக்கா. மூணு மாசமா அவளோட போன்ல பேசறதுதான் எனக்கு இருக்கற ஒரே சந்தோஷம். நேர்ல பார்த்து அதுவும் பொய்யாப் போயிட்டா?"

அக்கா பதில் சொல்வதற்குள் வயதான ஓர் அம்மா உள்ளே வந்தார்.

"தம்பி, வெள்ளை நூல் ஒரு கண்டு, சன்னமான ஊசி ஒண்ணு."

நூல்கண்டை எடுக்க அவர் வலது கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின. மாப்பிள்ளை உதவப் போனான்.

"விடுப்பா, நானே எடுப்பேன். பக்கவாதம் வந்து இந்தக் கை விழுந்தே போச்சு. ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே இருங்கன்னாங்க. வெறுத்துப்போய் ஒருநாள் ஜன்னல் வழியா வீசிட்டேன். கீழே போன ஒருத்தர் தலையில போய் விழுந்துச்சு!"

"ஐயையோ! சண்டைக்கு வந்தாரா?"

"பந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அடுத்த வாரம் கோட்டுல பட்டன் இல்லைன்னு வந்து நின்னார். பாவமா இருந்துச்சு. அதைத் தைக்க அரை நாள் ஆச்சு. இப்ப என்னடான்னா, போன வாரம் சட்டைப் பட்டனே தைச்சுட்டேன்!"

கோட்டுப் பட்டன் பெரிது. சட்டைப் பட்டன் அதைவிடச் சின்னது. காலர் நுனிப் பட்டன் அதைவிடவும் சின்னது. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

போனை எடுத்து, அடித்து வைத்திருந்ததை அழித்தான். 'கிளம்பிட்டேன்' என்று அனுப்பினான். அக்கா பார்த்தும் பார்க்காதவள் போல மெஷினை ஓட்டினாள்.

வாசல்வரை போன அந்த அம்மா திரும்பி வந்தார்.

"தம்பி, கோட்டுல கிழிசலை அவ்வளவு அழகா ஒட்டுப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அப்ப சட்டைப் பட்டனை எடுத்ததும் உங்க கைவேலையாத்தான் இருக்கும். ஒரு பிசிறுகூட இல்ல. அடுத்த தடவை கொஞ்சம் நூலை விட்டுட்டு எடுங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா, பாவம், அவர் வெட்கப்படுவார்."