பியட் வீட்டுக்கு வந்த அம்பாசிடர்

அப்பா வாயைத் திறந்துவிட்டார்.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

"பார்த்தனுங்க. ரிவர்ஸ் எடுக்கையில கண்ணாடியப் பார்க்காம உடம்பையே திருப்பிப் பார்த்தீங்க. பழைய வண்டி ஓட்டுன கைங்களா?"

பெண் பார்க்க வருகிறவர்களிடம் காரைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். போன முறை வந்தவர்கள் அப்பாவின் பியட் கதையை மதியம் வரை கேட்டார்கள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

சொல்லி அனுப்பவில்லை.

அதற்கு முன் வந்தவர்களும் அப்படித்தான்.

பெண் பார்க்க வந்தவனின் அப்பா, டம்ளருக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"அம்பாசிடருங்க. வித்து வருசமாச்சு. கால் இன்னும் மறக்கலீங்க."

அடுப்படி வாசலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பியட் வீட்டில் அம்பாசிடர்.

அவள் தட்டை அவன் பக்கம் நீட்டினாள். அவன் தன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. தட்டைத் தூக்கி மறைத்துக்கொண்டாள்.

இவன் என்றால் சரி.

இதுவரை வந்த யாரைப் பார்த்தும் அவளுக்கு அப்படித் தோன்றியதில்லை.

கூடத்தில் பேச்சு சூடேறியது.

"உங்க பியட்டு எங்க வண்டி டிக்கிக்குள்ள அடங்கிருமுங்க."

"டிக்கியில மூட்டைதான் ஏத்தலாம். சந்துக்குள்ள ஒரே ஒடிப்புல திருப்ப முடியுங்களா?"

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

ஆனால் கூடத்தில் சிரித்தார்கள்.

விற்றுவிட்ட தன் பியட்டை அப்பா இன்னும், மாட்டைக் கூப்பிடுவது போல, செவலை என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சாம்பிராணி போட்டதைச் சொன்னார். அவன் அப்பா அதை ஒரு அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பக்கக் கதவிலிருந்து போடுவீர்கள் என்று கேட்டார்.

அம்பாசிடரை விற்ற பிறகு அவன் அப்பா, அதை வாங்கியவரின் தெரு வழியாகவே தினமும் நடந்திருக்கிறார். திருட நோட்டம் பார்க்கிறவன் என்று அந்த வீட்டுக்காரர்கள் ஒருநாள் பிடித்து வைத்துவிட்டார்கள்.

"அப்புறம்?"

"விசயத்தச் சொன்னேன். காப்பி குடுத்தாங்க. வண்டிக்குள்ள உக்காந்து குடிச்சுக்கறனுங்கன்னேன்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததில் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். அம்மா உள்ளறையில் அவருக்கு இலை போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் இன்னும் மூன்று இலை போட்டாள்.

வந்தவர்கள் சாப்பிட மாட்டார்கள். அது தெரிந்ததுதான். சம்மதம் சொல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் அதுவே சம்மதம். படியேறும்போதே அவன் அம்மா சொல்லிவிட்டார், காப்பியோடு சரி என்று.

இப்போது அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீங்க போயிச் சாப்புடுங்க. நாங்க கெளம்பறமுங்க. ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோம்."



ஆனால் அவன் அப்பா அப்போது ஏற்காட்டு மலையில் இருந்தார்.

வண்டியில் மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும். மடியில் குழந்தைகள். எதிரே பனி. பாதிக் கதையில் அப்பா உள்ளறைக்கு எழுந்து போக, இவரும் பின்னாலேயே பேசிக்கொண்டு போனார். அப்பா உட்கார்ந்தார். இவரும் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்.

அவள் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள்.

ஒரு வார்த்தை போதும். அவர் எழுந்துவிடுவார்.

அவள் சொல்லவில்லை.

சோற்றை வைத்தாள். இன்னொரு கரண்டியும் வைத்தாள். சாம்பாரை ஊற்றினாள். அம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அவர் வலது கையால் பிசைந்தார். இடது கை காற்றில் கியர் போட்டது. பிசைந்த சோற்றில் விரலால் பாதை கீறினார். ஒரு வளைவு. மேலே இன்னொரு வளைவு.

"இந்த எடத்துலதானுங்க. முன்னால ஒரு லாரி. ஒதுங்க எடமில்ல. ரெண்டாவது கியர்லயே புடிச்சு..."

அந்த வளைவை அப்படியே உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார்.

வீடு அமைதியாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தார்.

நிமிர்ந்து பார்த்தார். வாசற்படியில் மனைவி. பின்னால் மகன். தன் வலது கையைப் பார்த்தார். விரல்களில் சாம்பார் வடிந்தது. இடது கை இன்னும் இரண்டாவது கியரிலேயே இருந்தது.

அப்பாவும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். செவலையை விற்ற அன்று இருந்த முகம்.

அவன் அம்மா கணவரின் இலையைப் பார்த்தார். பாதி மலைதான் மீதி இருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். மேலிருந்து கீழே அல்ல. முகத்தை மட்டும். வெகுநேரம்.

அவள் தலையைக் குனியவில்லை.

"பாதி மலையில எதுக்கு வண்டிய நிறுத்தறீங்க," என்றார் கணவரிடம்.

அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, உங்க மாமனுக்கு ரசம் ஊத்து."

அவள் ரசப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினாள்.

அவன் வந்து தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து இலையில் தெளித்துக்கொண்டிருந்தான்.