இரண்டு கையெழுத்து

"அவர் என்னை அடிக்கவே இல்லை, யுவர் ஆனர். நானாதான் படியில விழுந்தேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துட்டேன்."

சாட்சி சொன்ன ஷெல்பியின் உதட்டில் புதுத் தையல். எதிரே அவள் புருஷன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடிச்சவனுக்கே வக்காலத்து வாங்குறா பாரு! இவளெல்லாம் திருந்தவா போறா?" பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அரசு வக்கீல் ப்ரென்னர் அம்மாள் எழுந்தார்.

"அந்த உதட்டைப் பாருங்க, யுவர் ஆனர். புருஷன் பக்கத்துல நிக்க, நடுங்கிக்கிட்டே போட்ட கையெழுத்து. பயத்துல போட்டதெல்லாம் ஒரு கையெழுத்தா? குப்பையில போடுங்க!"

நீதிபதி தலையசைத்து ஏற்றுக்கொண்டார். முணுமுணுத்தவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வழக்குக்காகக் கைவிலங்கோடு காத்திருந்த டார்லாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வருஷக்கணக்கில் அடிபட்டு, கடைசியில் புருஷனைச் சுட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனவள் அவள். அப்படிப்பட்ட பெண்களுக்குத் தண்டனையைக் குறைக்கலாம் என்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் புதுச் சட்டம் வந்ததும் மனுப் போட்டிருந்தாள். மகள் பேட்டன் அம்மாவுக்கு ஜீன்ஸும் சட்டையும் ஒரு பையில் எடுத்து வந்திருந்தாள்.

"இந்தம்மாவுக்கு நம்ம வலி புரியுது, வக்கீல் சார். இனி கவலையில்லை!"

டார்லா சொன்னதைக் கேட்டு, அவளுடைய வக்கீல் கெல்வின் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார்.

டார்லாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மனுவை எதிர்த்து எழுந்ததும் அதே ப்ரென்னர்தான்.

"குற்றத்தை ஒத்துக்கிட்டா தண்டனையில சலுகைன்னு பேரம் முடிஞ்சப்போ, 'இனிமே தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்'னு இவ கையெழுத்துப் போட்டிருக்கா. யாராவது மிரட்டினாங்களான்னு கோர்ட்டுல கேட்டதுக்கு, 'இல்லை'ன்னு தன் வாயாலயே சொல்லியிருக்கா. கையெழுத்துன்னா கையெழுத்துதான், யுவர் ஆனர்."

டார்லா பதறினாள். "பயந்துதான் போட்டேன், ஐயா! போடலைன்னா சாகுற வரைக்கும் ஜெயில்னு அரசு வக்கீல் தரப்புல சொன்னாங்க. 'இல்லை'ன்னு சொன்னாத்தான் பேரம் நிக்கும்னாங்க."

நீதிபதி பெருமூச்சு விட்டார்.

"எழுதிக் கொடுத்துட்டியேம்மா. நான் என்ன செய்ய? மனு தள்ளுபடி."

பேட்டன் துணிப்பையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

காவலர் கையைப் பிடித்தபோது டார்லா கெல்வினிடம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு பயந்து போட்டது செல்லாது. நான் பயந்து போட்டது மட்டும் எப்படி சார் செல்லும்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவகிட்ட வாங்கினது அவ புருஷன், டார்லா. உன்கிட்ட வாங்கினது சர்க்கார்."