சக்கரம் வைத்த கூரை

கடப்பாக்கத்தில் திரும்பி, ஆலம்பரைக் கோட்டைக்குப் போகும் பாதையின் ஓரத்தில் கேரவனை நிறுத்திவிட்டு மதார் சாகிப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இதுதான் இடம்.

எதிரே இடிந்த கோட்டைச் சுவர். அதைத் தாண்டிக் கழிமுகம், அதையும் தாண்டிக் கடல். வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்து தண்ணீரெல்லாம் மஞ்சளாகியிருந்தது. ஈ, காக்கை இல்லை. மனைவியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல இதைவிடத் தோதான இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தைதான். கெட்டதும் ஒரு வார்த்தையால்தான்.

சினிமா படப்பிடிப்புக்குக் கேரவன் விடுகிறவர் அவர். மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே குடித்தனம். “உங்களுக்கு வூடு எது மச்சான், இதுவா அதுவா?” என்று ஃபக்ருன்னிசா ஒருநாள் கேட்டாள். நியாயமான கேள்வி. நியாயமாகக் கேட்டால்தானே ஆம்பளைக்குக் கோபம் வரும்?

தலாக் என்று சொல்லிவிட்டார். ஒரு தடவைதான். சொன்ன மறுநிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் நன்றாகத் திட்டிவிட்டு வழி சொன்னார். ஒரு தடவை சொன்னதால் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இத்தா என்கிற காத்திருப்புக் காலம் முடியும்வரை அவள் உங்கள் மனைவிதான், ஒரே கூரைக்குக் கீழே இருங்கள். அதற்குள் ‘உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்’ என்று சொன்னால் போதும். அவள் சம்மதம்கூடத் தேவையில்லை. முடிந்துவிட்டால்தான் கதை வேறு. அப்புறம் அவள் அந்நியப் பெண். முறையாகக் கேட்டு, அவள் சரியென்றால்தான் மறுபடி நிக்காஹ்.

சம்மதம் தேவையில்லை என்றதுமே மதார் சாகிப்புக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. மூன்று மாதம்தானே என்று காலண்டரில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு நாளை மறுநாள் வருகிறது.

முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கூடுவாஞ்சேரி வீட்டில் அம்மா, தங்கச்சி, தங்கச்சி பிள்ளைகள் என்று எப்போதும் ஒரு பட்டாளம். அத்தனை பேர் காதில் விழக் கத்தியவர், அத்தனை பேர் முன்னால் எப்படி இறங்கி வருவார்? அவருக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தப் பயணம். ஹஜ்ரத் கூரை என்றுதான் சொன்னார், அதற்குச் சக்கரம் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

நேற்றுக் கிளம்பினார்கள். மாமல்லபுரத்தில் வாயைத் திறந்தார், ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். சதுரங்கப்பட்டினத்தில் பேய்க்காற்று. ராத்திரி அவள் பின்னால் கட்டிலிலும் அவர் டிரைவர் சீட்டிலும் படுத்தார்கள், கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இன்று முதலியார்குப்பத்தில் அவள் வறுத்த மீனை அத்தனை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கெடுக்க மனசு வரவில்லை.

எங்கே ஓடிப்போகப் போகிறாள் என்ற தைரியம் வேறு. பதினாறு வருஷத்துப் பெண்டாட்டி.

இப்போது அவள் வண்டிப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே முகத்தில் ஒரு தெளிவு. சவுக்குத் தோப்பு வந்தால் ஜன்னலை இறக்கினாள், உப்பளம் வந்தால் நிறுத்தச் சொன்னாள். இரண்டு நாளாய்த் தன்னோடு ஊர் சுற்றிய சந்தோஷம் என்று மதார் சாகிப் நினைத்துக்கொண்டார்.

அவள் முன்னால் போய் நின்றார்.

“ஃபக்ரு, உன்ன திரும்ப சேத்துக்கினேன்.”

பெரிய மனசு பண்ணிச் சொன்னதாகத்தான் அவருக்குத் தோன்றியது. அவள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள் என்று காத்திருந்தார்.

அவள் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“காலைல குளிச்சதோட இத்தா முடிஞ்சி போச்சு மச்சான். இனிமே நீங்க சேத்துக்க முடியாது. கேட்டு வேணா பாக்கலாம்.”

கோபமில்லை, அழுகையில்லை. பால் வாங்கி வைத்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள். முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மதார் சாகிப்புக்கு ஹஜ்ரத் கடைசியாகச் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. இது காலண்டர் கணக்கில்லை, மூன்று மாதவிலக்குக் கணக்கு. அதை அவள்தான் அறிவாள், அவள் சொல்வதுதான் முடிவு. ஹஜ்ரத் அதைச் சொன்னபோது இவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் வேண்டாம் என்றால்?

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு இந்தப் பதினாறு வருஷத்தில் தெரியாது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். அடுக்களை, கொடியில் துணி, எதுவும் மனசில் நிற்கவில்லை. பயம் வந்தது.

பிறகு கால் மணலைத் தட்டினார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

சொந்த வண்டியின் கதவை மெதுவாகத் தட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

“வ அலைக்கும் ஸலாம்” என்றாள் ஃபக்ருன்னிசா. “யாரு?”