கால்மாட்டுக் குரல்

'ணங்'கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஏதோ ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டு உருண்டு போய் அடங்கியது.

வார்டு சிஸ்டர் வெங்கடலட்சுமி ஓடி வந்து பார்த்தபோது, எனாமல் கிண்ணம் கட்டிலுக்கடியில் கிடந்தது. ஊரே ரேஷன் கடை வாசலில் நின்ற வருஷம் அது. கஞ்சி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த நர்ஸ் பெண் வெள்ளைத்தாய் கையில் வெறும் கரண்டியோடு நின்றாள்.

கட்டிலில் தங்கம்மாள். அருப்புக்கோட்டைப் பஞ்சுக் கமிஷன் கடை முதலாளியம்மா. முந்தின நாள்தான் கண்புரை ஆபரேஷன். ஆபரேஷன் ஒரு கண்ணில்தான்; கட்டு இரண்டு கண்ணிலும்.

"என்னாச்சு?"

"யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாக, சிஸ்டர். எம்.ரெட்டியபட்டி, பருத்திக் காட்டு வேலைன்னு சொன்னேன். எந்தத் தெருன்னாக. அதையும் சொன்னேன்."

கண் தெரியாவிட்டால் என்ன, தெரு தெரிந்தால் போதாதா? தங்கம்மாளுக்குப் போதும்.

"ஏம்மா சிஸ்டரு, நம்ம ஆளுக பிள்ளை ஒண்ணுகூடவா இல்ல இந்த ஆஸ்பத்திரியில? இவ கையால தின்னுட்டு நான் எந்த மூஞ்சியோட சாமி கும்பிடுறது?" என்று தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டினாள்.

"ஐயோ, தலையை ஆட்டாதீங்க!" சிஸ்டர் இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டாள். "தையல் விட்டுரும். ஒரு கண்ணு முன்னாலேயே போயிருச்சு. இதுவும் போகணுமா? டாக்டர் கட்டை அவுக்கிற வரைக்கும் அசையக் கூடாது. இருமக்கூடக் கூடாது."

"அப்ப நம்ம பிள்ளையை வரச் சொல்லுங்க. அசைய மாட்டேன்."

வியாபாரக் குடும்பம். பேரம் சீக்கிரம் படிந்தது.

நம்ம பிள்ளை வந்தாள். கோகிலாம்பாள், பாளையம்பட்டிப் பலசரக்குக் கடைக்காரர் மகள்; அவளும் பயிற்சிக்கு வந்தவள்தான். ஊர், தெரு, கடை எல்லாம் விசாரித்துத் தங்கம்மாள் குளிர்ந்து போனாள்.

"உங்க பெரியப்பா எங்க கடைக்கு வந்து போறவுகல்ல! ஊட்டு தாயி."

நம்ம பிள்ளை ஊட்டிய முதல் கரண்டிக் கஞ்சி வாயைத் தப்பிக் கழுத்தில் வழிந்தது. அடுத்தது காதுக்கு. பெட்பானைக் கண்டதும் கோகிலாம்பாள் வராந்தாவுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

"இப்படி ஊட்டினா அவுகளுக்குப் புரையேறிரும். இருமினா கண்ணு போச்சு," என்றாள் பின்னாலேயே வந்த வெள்ளைத்தாய்.

"என்னை என்னடி செய்யச் சொல்ற? கை ஆடுதே. நீ வந்து ஊட்டேன்."

"என் குரலைக் கேட்டா மறுபடியும் கிண்ணம் பறக்கும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானத்திலிருந்து ஏற்பாடு மாறியது. கோகிலாம்பாள் கால்மாட்டில் நின்று பேசுவாள். "வாயைத் திறங்க பெரியம்மா... ஆங், அம்புட்டுத்தான்." வெள்ளைத்தாய் தலைமாட்டில் நின்று, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் ஊட்டுவாள். வாய் துடைப்பாள். முதுகு துடைத்துப் பவுடர் போடுவாள். பெட்பான் வைப்பாள், எடுப்பாள். அந்த நேரத்தில் மட்டும் கால்மாட்டுக் குரல் மூக்கைப் பொத்திக்கொண்டு வரும்.

சிஸ்டர் பார்த்தாள். பார்க்காத மாதிரி போய்விட்டாள். சாயங்கால வகுப்பில், நர்ஸ்கள் கூடி வேலை செய்வதன் மேன்மை பற்றி நீளமாகப் பாடம் நடத்திவிட்டுக் கேட்டாள்:

"கண் வார்டுல நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?"

"பேசக் கத்துக்கிட்டேன் சிஸ்டர்," என்றாள் கோகிலாம்பாள்.

"பேசாம இருக்கக் கத்துக்கிட்டேன்," என்றாள் வெள்ளைத்தாய்.

பார்வை நேரத்தில் வந்த மருமகளிடம் தங்கம்மாள் பெருமையடித்தாள். "நம்ம பிள்ளை கைன்னா கைதான். பஞ்சு மாதிரில்ல இருக்கு! மத்தவளுகளுக்கு இது வருமா?"

பருத்திக் காட்டில் வளர்ந்த அந்தக் கை, அப்போது பின்கட்டில் பெட்பானைக் கழுவிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கட்டை அவிழ்த்தார். விரல்களைக் காட்டினார். தங்கம்மாள் தப்பில்லாமல் சொன்னாள்.

"கண்ணு தப்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு நாள் படுத்தபடியே சாப்பிடுங்க. ஆமா, உங்களை அசையாமப் பார்த்துக்கிட்ட நர்ஸ் யாரு?"

"இந்தா, எங்க பாளையம்பட்டிப் பிள்ளை," என்று வழக்கமாகக் குரல் வருகிற கால்மாட்டுப் பக்கம் கையை நீட்டினாள் தங்கம்மாள். டாக்டர், கோகிலாம்பாளின் தோளைத் தட்டிக்கொடுத்தார். மருமகள் ஒரு பந்து மல்லிகைப்பூவைக் கையில் திணித்தாள்.

வெள்ளைத்தாய் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கண் தெரிகிற நாளில் அவளுக்கு அந்தக் கட்டிலில் வேலை இல்லை.

எல்லோரும் போனார்கள். கஞ்சி வந்தது. வேறு வழியில்லாமல் கோகிலாம்பாளே கரண்டியை எடுத்தாள். கஞ்சி மறுபடியும் கழுத்தில் வழிந்தது.

தங்கம்மாள் தேறிய கண்ணால் வார்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். தூண் வரைக்கும் போன பார்வை அங்கே கொஞ்சம் நின்றது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வெளிச்சம் கூசுது தாயி. சாப்பிடுற நேரத்துக்கு மட்டும் அந்தத் துணியைக் கட்டி விடு."

"டாக்டர்தான் அவுத்துட்டாரே, பெரியம்மா..."

"கட்டுன்னா கட்டு."

கோகிலாம்பாள் கட்டினாள்.

"நீ எப்பவும் போலக் கால்மாட்டுல போய் நின்னு பேசு," என்றாள் தங்கம்மாள். "ஊட்டுற பிள்ளையை வரச் சொல்லு."

கோகிலாம்பாள் கிண்ணத்தைத் தூண் பக்கம் நீட்டினாள்.

வெள்ளைத்தாய் தூணை விட்டு வந்து கிண்ணத்தை வாங்கினாள். அப்புறம், கிண்ணம் பறந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தக் கட்டிலருகே வாயைத் திறந்தாள்.

"நான்தாம்மா. எம்.ரெட்டியபட்டி..."

"நான் கேட்டனா?" என்றாள் தங்கம்மாள். ஆ என்று வாயைத் திறந்துகொண்டாள்.

வெள்ளைத்தாய் கஞ்சியை ஒரு கலக்குக் கலக்கி, அடுத்த கரண்டியை மொண்டாள்.