அவங்கதான்

“கொலைகாரி வந்திருக்கா. உள்ள விடட்டுமா?” என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி.

இயக்குநர் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டார். “உட்காரச் சொல்லு. பேட்டி போயிட்டிருக்கு.”

பேட்டி, அவர் எடுத்த குடும்பக் கொலைத் தொடரின் கடைசிக் காட்சியைப் பற்றியது. விஷம் கலந்த பாலைக் குடித்த வீட்டுப் பெரியவர் தள்ளாடியபடி கையைத் தூக்கி, “அவங்கதான்...” என்று சொல்லிவிட்டுச் சாய்கிறார். எதிரே பெரியவரின் மனைவி, மூத்த மகன், சின்ன மருமகள் மூன்று பேரும் நிற்கிறார்கள். அவ்வளவுதான், தொடர் முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

“‘அவங்க’ன்னா மரியாதைக்கு ஒருத்தரா, இல்ல மூணு பேருமா? அந்த ஒரு சொல்லுல தமிழையே நிறுத்தி வெச்சிருக்கேன். கலைக்கு முற்றுப்புள்ளி கிடையாதுங்க,” என்றார் இயக்குநர். “சின்ன மருமக கொளுத்துற வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான் போடுவா, கவனிச்சீங்களா? மறைக்கிற மனசு! நான் வெச்ச குறியீடு.”

முழுக்கைதான் வேண்டும் என்று அடம்பிடித்தது என்னவோ அந்த நடிகை. குறியீடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பேட்டி முடிந்ததும் மனைவி கேட்டாள். “எனக்காவது சொல்லுங்களேன். யாருதான் கொன்னது?”

“அது ரசிகன் கையில இருக்கு.”

“அப்ப உங்களுக்கும் தெரியாது.”

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கொலையாளி யார் என்பதில் அவருக்கும் எழுத்தாளருக்கும் கடைசி நாள் படப்பிடிப்பு வரை ஒத்துப்போகவில்லை. ‘அவங்க’ வந்துதான் இருவர் மானத்தையும் காப்பாற்றியது.

ஆனால், முற்றுப்புள்ளி இல்லாத அந்தக் கலைக்குச் சேனல் முதலாளி முந்தின நாள் ஒரே போனில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரலையில் கொலையாளியை இயக்குநரே அறிவிக்க வேண்டும். “சரிங்க சார்” என்பதைத் தவிர இயக்குநர் வாயில் வேறு சொல் வரவில்லை. விளம்பரமும் ஓட ஆரம்பித்துவிட்டது.

கூடத்தில், சின்ன மருமகளாக நடித்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அரைக்கைச் சட்டையில் பார்க்க வேறு யாரோ போல இருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை சொல்லப் போறீங்களாமே சார்?”

“என்ன பண்றது? படியளக்குற மகராசன் சொல்லிட்டாரு. நீ எதுக்கும்மா இப்படி வெளிறிப் போயிருக்க?”

“கேமரா கடைசியா என் முகத்துல நின்னுச்சு சார். எல்லாரும் நான்தான்னு முடிவே பண்ணிட்டாங்க. நான் லிஃப்ட்ல ஏறினா மத்தவங்க இறங்கிடறாங்க.”

“அடடா! அவ்வளவு தத்ரூபமாவா எடுத்துட்டேன்?” இயக்குநர் ஒரு கணம் பூரித்தார். பிறகு பூரிப்பை அடக்கிக்கொண்டு, “வீட்ல எப்படி?” என்றார்.

“மாமியார் அடுப்படிப் பக்கமே என்னை விடறதில்ல. அவங்களே சமைச்சு அவங்களே போட்டுக்கறாங்க. வீட்டுக்காரர் கூடத்துக்குப் படுக்கையை மாத்திட்டாரு. நான் தண்ணி குடிக்க எழுந்தாக்கூட அவரும் எழுந்து உட்கார்ந்துக்கறாரு.”

“பெத்த புருஷனுமா!” என்று பதற்றத்தில் உளறினார் இயக்குநர். “கட்டின புருஷனுமா? ஐயோ பாவமே!”

உள்ளேயிருந்து மனைவி களுக்கென்று சிரித்தது கேட்டது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஒரு பெண்ணின் கண்ணீருக்காகத் தன் கலையையே தியாகம் செய்வது என்று முடிவெடுத்தார். எப்படியும் அது முதலாளி ஏற்கெனவே பிடுங்கிக்கொண்ட கலைதான்.

“கவலைப்படாதே. மூத்த மகன்தான் கொன்னான்னு சொல்லிடறேன். அந்தப் பய வேற சேனலுக்குத் தாவிட்டான், பழியும் அவன்கூடவே போகட்டும். உனக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்றேன். திங்கக்கிழமையே உன் வீடு பழையபடி ஆயிடும், போதுமா?”

அவள் சட்டென்று எழுந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

“நான்தான் கொன்னேன்னு சொல்லிடுங்க சார். அந்த எபிசோடு வந்ததுலேருந்துதான் வீட்ல யாரும் என்னை அடிக்கறதில்ல.”